இன்ஷூரன்ஸ் கம்பெனி நர்ஸ் கூப்பிட்டால் எடுக்கலாமா? உள்ளே வேலை பார்ப்பவளின் ரெவ்யூ

அம்மாவோ அப்பாவோ ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய ஓரிரு நாளில் ஒரு ஃபோன் வரும். தெரியாத நம்பர். எடுத்தால், "உங்க ஹெல்த் பிளானிலிருந்து நர்ஸ் பேசுறேன்" என்று ஒரு குரல். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பதற்கு முன்பே பிறந்த தேதியைக் கேட்கும், வீட்டு முகவரியைக் கேட்கும். ஃபோன் மோசடி பற்றி டிவியில் எச்சரிக்கிறார்களே, அதே லட்சணம். பட்டென்று வைத்துவிடுகிறார்கள். மறுமுனையில் இருப்பது பெரும்பாலும் என்னைப் போன்ற ஒருத்திதான்.

அமெரிக்காவில் ஒரு ஹெல்த் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் நர்ஸ் கேர் மேனேஜராக இருக்கிறேன். அதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில், இதய நோயாளிகள் தளத்தில், ராத்திரி ஷிஃப்ட். இப்போது வீட்டிலேயே ஒரு மேஜை, இரண்டு திரை, காதில் ஹெட்செட். கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். கோயிலில் பார்ப்பவர்கள், சொந்தக்காரர்கள், நர்ஸிங் முடித்துவிட்டு இங்கே வந்திருக்கும் தங்கைகள் என்று எல்லோரும் என்னிடம் கேட்பது இரண்டே கேள்வி. அந்த ஃபோனை எடுக்கலாமா? அந்த வேலைக்கு வரலாமா? இரண்டுக்கும் சேர்த்துத்தான் இந்த ரெவ்யூ. நோயாளிகளைப் பற்றி வரும் இடங்களில் ஆள் அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

முதலில் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். பிறந்த தேதி கேட்பது எங்கள் ஆசை இல்லை. 1996-இல் வந்த, நோயாளி விவரங்களின் ரகசியத்தைக் காக்கும் ஹிப்பா சட்டத்தின்படி, பேசுவது உரிய ஆள்தானா என்று உறுதி செய்யாமல் அவருடைய உடம்பைப் பற்றி வாய் திறக்க முடியாது. ஆனால் வங்கிக் கணக்கு, கிரெடிட் கார்டு பற்றி யாராவது கேட்டால் அது நாங்கள் இல்லை. மனசு ஒப்பவில்லையா, தாராளமாக வைத்துவிடுங்கள். உங்கள் இன்ஷூரன்ஸ் அட்டையின் பின்பக்கம் இருக்கும் நம்பரை நீங்களே அழைத்து, எங்கள் பிரிவின் பெயரைச் சொல்லி, "கேஸ் மேனேஜ்மென்ட்டுக்கு இணைப்புக் கொடுங்க, எனக்கு யாரோ ஃபோன் செய்தார்களாம்" என்று கேளுங்கள். இப்படிச் செய்பவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்ததே இல்லை. அவர்கள் மாத்திரை விஷயத்திலும் உஷாராகத்தான் இருப்பார்கள்.

இந்தச் சேவைக்குத் தனிக் கட்டணம் கிடையாது. எல்லோருக்கும் வருவதும் கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்து புதிதாக வந்தவர்கள், இதயச் செயலிழப்பு, சர்க்கரை, சிறுநீரகம், நுரையீரல் என்று நாள்பட்ட நோய் உள்ளவர்கள், சிக்கலான பிரசவம், குறைமாதக் குழந்தை, கேன்சர் சிகிச்சை, இப்படிப்பட்டவர்களின் பெயர் எங்கள் பட்டியலில் வந்து விழும். மெடிக்கேர் என்பது முக்கியமாக 65 வயதானவர்களுக்கான அரசு இன்ஷூரன்ஸ். அதையே தனியார் கம்பெனி வழியாக வாங்குவது மெடிக்கேர் அட்வான்டேஜ். அதில் நாள்பட்ட நோயாளிகள், வருமானம் குறைந்தவர்கள் போன்றோருக்கு ஸ்பெஷல் நீட்ஸ் பிளான் என்று ஒரு வகை உண்டு. அதில் சேர்ந்தவர்களுக்கு 90 நாளுக்குள் உடல்நிலை மதிப்பீடு செய்தாக வேண்டும் என்று அரசு விதியே இருக்கிறது. அதற்காகவும் கூப்பிடுவோம். வேலை பார்க்கும் இடம் வழியாக இன்ஷூரன்ஸ் உள்ளவர்களுக்கும் இந்தச் சேவை இருக்கும். "என் மேனேஜருக்குத் தெரிஞ்சிடுமா?" என்று இளைஞர்கள் தயங்குகிறார்கள். உங்கள் நோயை மேனேஜர் காதில் போட எங்களுக்குச் சட்டம் இடம் தராது. ஊரிலிருந்து சுற்றிப் பார்க்க வந்திருக்கும் பெற்றோருக்கு எடுக்கும் விசிட்டர் இன்ஷூரன்ஸில் இதையெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். கிரீன் கார்டில் வந்து, 65 வயதும் தொடர்ந்து 5 வருஷ வாசமும் ஆன பெற்றோர் மெடிக்கேர் வாங்கலாம், அதன் வழியாக மெடிக்கேர் அட்வான்டேஜ் பிளானிலும் சேரலாம். நம் ஊர்ப் பெரியவர்கள் என் பட்டியலுக்கு வருவது அந்த வழியில்தான்.

இன்னொரு குழப்பம். "எங்க அப்பா எம்ஆர்ஐ-யை வேண்டாம்னு சொன்னது நீதானே?" என்று சண்டைக்கு வருவார்கள். அது நான் இல்லை. சிகிச்சைக்கு முன் அனுமதி கேட்டு வரும் காகிதங்களைப் பார்ப்பது யூட்டிலைசேஷன் ரெவ்யூ நர்ஸ். அதே கம்பெனி, வேறு பிரிவு. அவர்களுக்கும் மருத்துவக் காரணம் சொல்லி மறுக்கும் அதிகாரம் கிடையாது, அது கம்பெனியின் டாக்டர் வரை போக வேண்டும். என்னால் எதையும் அனுமதிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. மருந்து எழுத முடியாது, உங்கள் டாக்டர் சொன்னதை மாற்ற முடியாது, வீட்டுக்கு வந்து ரத்த அழுத்தம் பார்க்க முடியாது. நெஞ்சு வலித்தால் எனக்குக் காத்திருக்காமல் 911.

அப்படியானால் கம்பெனி எதற்கு எனக்குச் சம்பளம் கொடுக்கிறது? இதை மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். நீங்கள் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் கம்பெனிக்கு ஆயிரக்கணக்கான டாலர் செலவு. அதைத் தடுப்பது லாபம். அடுத்தது நட்சத்திரம். மெடிக்கேர் அட்வான்டேஜ் பிளான்களுக்கு ஒவ்வொரு அக்டோபரிலும் அரசு 1 முதல் 5 வரை நட்சத்திரம் போடுகிறது. 4-ஓ அதற்கு மேலோ வாங்கினால் கம்பெனிக்குப் போனஸ் பணம். டிஸ்சார்ஜுக்குப் பிறகு மருந்துப் பட்டியலைச் சரிபார்த்தார்களா, சர்க்கரைக்காரருக்குக் கண் பரிசோதனை நடந்ததா என்பதெல்லாம் அந்த மதிப்பெண்ணில் சேரும். மூன்றாவது காரணம் வெளியில் பலருக்குத் தெரியாது. 2010-இல் வந்த அஃபோர்டபிள் கேர் சட்டப்படி, வாங்கும் பிரீமியத்தில் 80 சதவீதத்தை, பெரிய நிறுவனங்களின் பிளான் என்றால் 85 சதவீதத்தை, சிகிச்சைக்கும் தர மேம்பாட்டுக்கும் செலவிட்டாக வேண்டும். மெடிக்கேர் அட்வான்டேஜுக்கும் அதே 85. கேர் மேனேஜ்மென்ட் அந்தத் தர மேம்பாட்டுக் கணக்கில் சேரலாம்.  ஆக, நான் இருப்பது கம்பெனிக்கு எல்லா வகையிலும் தோதுதான். உங்களுக்கும் ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போக ஆசை இல்லை. இரண்டு பேர் நலனும் ஒத்துப்போகும் அந்த இடத்தில் இந்தச் சேவை பிரமாதமாக வேலை செய்யும். ஒத்துப்போகாத இடமும் உண்டு, அதற்குக் கீழே வருகிறேன்.

இப்போது சேவையின் தரம். முதல் அழைப்பு பெரும்பாலும் அறுவைதான். திரையில் வரிசையாகக் கேள்விகள் வரும், நான் படித்துக்கொண்டே போக வேண்டும். வீட்டில் படிக்கட்டு உண்டா, கடந்த மாதம் விழுந்தீர்களா, புகைப்பீர்களா, சாப்பாட்டுக்குப் பணம் போதுகிறதா, துப்பாக்கி இருக்கிறதா. சில பிளான்களில் இது முக்கால் மணி நேரம் கூட ஓடும். இதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் கூப்பிட்டிருப்பார், டாக்டர் ஆபீஸிலிருந்து இன்னொருவர் கூப்பிட்டிருப்பார். 2012 அக்டோபரிலிருந்து, 30 நாளுக்குள் நோயாளிகள் அளவுக்கு மீறித் திரும்பி வந்தால் ஆஸ்பத்திரிக்கு மெடிக்கேர் பணத்தில் 3 சதவீதம் வரை வெட்டு விழுகிறது. அதனால் எல்லோருக்கும் உங்கள் மேல் திடீர் அக்கறை. மூன்று பேரும் கேட்பது அதே கேள்வி. ஒருவர் எழுதியது இன்னொருவர் திரையில் தெரியாது. இந்தக் காலத்தில், இவ்வளவு கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு, இது வெட்கக்கேடு. இந்த ஒன்றுக்காகவே ஒரு நட்சத்திரத்தைக் கழிக்கிறேன்.

கேள்விப் பட்டியலுக்கு இன்னொரு குறை உண்டு. அதற்கு உண்மையான பதில் சொல்லிவிட்டே ஆபத்தில் இருக்க முடியும். லாரி ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு வெள்ளைக்காரத் தாத்தா, இதயச் செயலிழப்பு, டிஸ்சார்ஜ் ஆகி ஒரு வாரம்கூட ஆகவில்லை. "மருந்துகளை டாக்டர் சொன்னபடி எடுக்கிறீர்களா?" என்பது கேள்வி. "ஆமாம், ஒன்றுவிடாமல்." பொய் இல்லை. திரையில் டிக் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருக்கலாம். "எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது, வயசாகிவிட்டது" என்று நடுவில் சொன்னார். அதற்குத் திரையில் கட்டம் கிடையாது. "இருக்கிற டப்பா எல்லாத்தையும் சாப்பாட்டு மேஜைக்குக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டிப் படியுங்க" என்றேன். முனகிக்கொண்டே போய் எடுத்து வந்தார். ஐந்தாவதோ ஆறாவதோ டப்பாவில் ஃபுரோசெமைடு, ஆஸ்பத்திரி புதிதாக எழுதிக் கொடுத்தது. கடைசியாகக் குளியலறை அலமாரியிலிருந்து வந்தது லாசிக்ஸ், பழைய டாக்டர் எப்போதோ கொடுத்தது. இரண்டும் ஒரே மருந்து, லாசிக்ஸ் என்பது பிராண்ட் பெயர். உடம்பில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மாத்திரை. மனிதர் காலையில் இரண்டையும் போட்டுக்கொண்டு, உள்ளே இருந்த தண்ணீரையும் பொட்டாசியத்தையும் சேர்த்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தார். அவரை லைனில் வைத்துக்கொண்டே டாக்டர் ஆபீஸைப் பிடித்து மூன்று பேருமாகப் பேசினோம். பழைய டப்பா நிறுத்தப்பட்டது, மறுநாள் காலை ரத்தப் பரிசோதனை.

இந்தச் சேவையின் நிஜமான மதிப்பு இங்கேதான் இருக்கிறது, கேள்விப் பட்டியலுக்கு வெளியே. நல்ல கேர் மேனேஜர் தானே வெளியே வருவாள். வராவிட்டால் நீங்கள் இழுக்க வேண்டும். "இந்தக் கேள்வியெல்லாம் அப்புறம், முதல்ல என் மாத்திரையை உங்களோட சேர்ந்து சரிபார்க்கணும்" என்று தாராளமாகச் சொல்லலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். எனக்கு அது நிம்மதி.

நம் வீடுகளில் இழுப்பது கொஞ்சம் கஷ்டம், ஏனென்றால் ஃபோனில் பேசுவது பிள்ளைகள். ஒரு அம்மா, எழுபதைத் தாண்டியவர், மகன் வீட்டில் இருக்கிறார். அவருக்கும் இதயச் செயலிழப்புதான். இந்த நோயில் தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன்பு எடை பார்க்கச் சொல்வோம். ஒரே நாளில் 2, 3 பவுண்டு ஏறினாலோ வாரத்தில் 5 பவுண்டு ஏறினாலோ டாக்டரை அழைக்க வேண்டும். அது சதை இல்லை, தேங்கும் நீர். மகன் ஒழுங்கானவர், எக்செல்லில் எழுதி வைத்திருந்தார். நான் கேட்டதும் வரிசையாகப் படித்தார். எல்லாம் சரி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடை குதிக்கிறது. புதன் வாக்கில் இறங்கிவிடுகிறது. அடுத்த ஞாயிறு மறுபடி.

"சனிக்கிழமை என்ன விசேஷம்?" என்று கேட்டேன். "ஒண்ணும் இல்லையே, கோயிலுக்குப் போவோம், அவ்வளவுதான்." "மாத்திரை?" "அதெல்லாம் கரெக்டா போடுறாங்க." ஃபோனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன். "அவங்களுக்கு இங்கிலீஷ் வராது" என்றார். "எனக்குத் தமிழ் வரும்" என்றதும் அந்தப் பக்கம் சிரிப்பு.

அம்மா வந்ததும் முதலில் என்னைத்தான் விசாரித்தார். "நீ எந்த ஊரும்மா? கல்யாணம் ஆச்சா? எத்தனை பிள்ளை?" எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன், கேள்விப் பட்டியல் எனக்கு மட்டும்தான் உண்டா என்ன. அப்புறம் கேட்டேன். "சனிக்கிழமை அந்தத் தண்ணி மாத்திரையைப் போடுறீங்களாம்மா?" கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, "கோயில் ஒரு மணி நேரம் தூரம்மா. அதைப் போட்டா நடுவுல ரெண்டு தடவை வண்டியை நிறுத்தச் சொல்லணும். மருமக ஓட்டுவா. எனக்குச் சங்கடமா இருக்கு. அதான் ஒருநாள்தானேன்னு..."

மாத்திரை இல்லை. அதோடு பிரசாதம் புளியோதரை, சாயங்காலம் வீட்டில் தயிர்சாதத்துக்கு மாவடு. அத்தனையும் உப்பு, உப்பு உடம்பில் நீரைத் தேக்கும். எங்களிடம் இருக்கும் உணவுக் குறிப்புத் தாளில் டப்பா சூப்பைக் குறை, பன்றி இறைச்சியைக் குறை என்றுதான் இருக்கிறது. அந்த அம்மா பிறந்ததிலிருந்து டப்பா சூப் குடித்ததில்லை. அப்பளம், வத்தல், மோர்மிளகாய், ஊறுகாய் என்று நான்தான் கையால் எழுதி அனுப்பினேன். மாத்திரை நேரத்துக்கு டாக்டர் ஆபீஸில் கேட்டோம். கோயில் நாளில் மட்டும் வீடு திரும்பியதும் மத்தியானம் போடலாம் என்று சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான் தீர்வு. அதன்பின் ஞாயிறுகளும் மற்ற நாள் மாதிரி ஆயின. (நீங்களாக நேரத்தை மாற்றாதீர்கள், உங்கள் டாக்டரைக் கேளுங்கள். சிலருக்கு வேறு மாத்திரைகளோடு ஒத்துப்போகாது.)

மகன் எதையும் மறைக்கவில்லை. அம்மா அவரிடம் சொல்லவில்லை, அவ்வளவே. அதனால்தான் சொல்கிறேன், தமிழ் தெரிந்த நர்ஸ் அமையாவிட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். இலவசம், உங்கள் உரிமை. ஃபோனிலேயே தமிழ் மொழிபெயர்ப்பாளரை இணைப்போம், கொஞ்சம் காத்திருக்க வேண்டும். மனநிலை பற்றி இரண்டு கேள்வி வரும், கடந்த இரண்டு வாரமாக எதிலும் நாட்டம் இல்லையா, மனசு சோர்ந்து போகிறதா என்று. பெற்றோருக்குப் பதிலாகப் பிள்ளை "அதெல்லாம் ஒண்ணுமில்ல, ஜாலியா இருக்காங்க" என்று பதில் சொல்லும்போது, அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

இனி, நலன்கள் ஒத்துப்போகாத இடம். இடுப்பு எலும்பு முறிவு, பக்கவாதம் என்று ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ரீஹேப் (நடக்க, இயங்க மறுபடி பழக்கும் தெரபி) வசதியுள்ள நர்ஸிங் ஹோமுக்குப் போனவர்களின் குடும்பங்கள் இதை நிறுத்திப் படியுங்கள். "மெடிக்கேர்ல 100 நாள் உண்டாமே" என்று நினைத்திருப்பீர்கள். 100 நாள் என்பது உச்சவரம்பு, உத்தரவாதம் இல்லை. ஒருநாள் அங்கே இருக்கும் ஊழியர் ஒரு தாளை நீட்டுவார், இன்ன தேதியோடு கவரேஜ் முடிகிறது என்று. கையெழுத்துப் போடச் சொல்வார். ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமோ என்று பயந்து சிலர் போடுவதில்லை, போட்டவர்கள் எல்லாம் முடிந்தது என்று பெட்டி கட்டுகிறார்கள். இரண்டும் தேவையில்லை. கையெழுத்து, தாள் கிடைத்தது என்பதற்கு மட்டும். அந்தத் தாளிலேயே ஒரு நம்பர் இருக்கும். அது இன்ஷூரன்ஸ் கம்பெனியின் நம்பர் இல்லை, அரசு நியமித்த தனி மறுஆய்வு அமைப்பின் நம்பர். கவரேஜ் முடியும் தேதிக்கு முந்தின நாள் மதியம் 12 மணிக்குள் அங்கே பேசி அப்பீல் செய்ய வேண்டும். செலவு கிடையாது, வக்கீல் வேண்டாம்.

அப்பீலில் பேச ஒரு விஷயத்தை மனசில் வையுங்கள். "முன்னேற்றம் நின்றுவிட்டது" என்பதை மட்டும் காரணமாகச் சொல்லி மெடிக்கேர் கவரேஜை நிறுத்தக் கூடாது. அரசுக்கு எதிராக நடந்த ஜிம்மோ வழக்கில் 2013-இல் ஏற்பட்ட சமரசம் இதைத் தெளிவாக்கியது. இருக்கும் நிலை மோசமாகாமல் காக்கப் பயிற்சி பெற்ற நர்ஸோ தெரபிஸ்ட்டோ தேவை என்றால் அதுவும் கணக்கில் வரும். தெரபிஸ்ட்டிடம் இதை எழுத்தில் கேளுங்கள்.

இதை உங்கள் கேர் மேனேஜர் தானாகச் சொல்வாரா? என் அனுபவத்தில், சிலர் சொல்வார்கள். அப்பீல் உரிமையைச் சொல்லக் கூடாது என்று எங்களை யாரும் தடுப்பதில்லை. ஆனால் சொல்லச் சொல்லி யாரும் தட்டிக் கொடுப்பதும் இல்லை. இப்படி ஒரு குடும்பத்துக்குப் பொறுமையாக விளக்கிய அழைப்புக்கு, "நேரம் அதிகம், குறிக்கோளை விட்டு விலகியது" என்று என் மதிப்பீட்டுத் தாளில் ஒரு வரி வந்தது. தர மேம்பாடாம்! அந்த வரியை இன்னும் வைத்திருக்கிறேன். இங்கே இன்னொரு நட்சத்திரம் போகிறது. கேட்டால் சொல்லாமல் இருக்க மாட்டார்கள், ஆகவே கேளுங்கள்: "இந்த முடிவை எதிர்த்து நான் என்ன செய்யலாம், எந்த நேரத்துக்குள்?"

முன் அனுமதி பற்றி ஒரு வார்த்தை. மெடிக்கேர் அட்வான்டேஜில் 2026 முதல் சாதாரணக் கோரிக்கைக்கு 7 நாளுக்குள், அவசரக் கோரிக்கைக்கு 72 மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அவசரம் என்று உங்கள் டாக்டரே கேட்டால் பிளான் அதை அவசரமாகத்தான் எடுத்தாக வேண்டும். உங்கள் டாக்டர் ஆபீஸ் ஃபேக்ஸ் அனுப்பியதா, கம்பெனிக்கு வந்து சேர்ந்ததா, எந்தக் காகிதம் குறைகிறது என்பதை என்னால் திரையில் பார்க்க முடியும். பல "மறுப்பு"கள் உண்மையில் இரண்டு ஆபீஸுக்கும் நடுவில் தொலைந்த ஃபேக்ஸ். ஆக்ஸிஜன் சிலிண்டர், வாக்கர், டாக்டரிடம் போக வண்டி, டிஸ்சார்ஜுக்குப் பிறகு சில நாள் சாப்பாடு என்று உங்கள் பிளானில் என்னென்ன இருக்கிறது என்றும் தேடிச் சொல்வோம். இந்த மாதிரி அலைச்சல் வேலைகளில் எங்களை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

வேலைக்கு வர நினைக்கும் தங்கைகளுக்கு. ஆர்என் (பதிவு பெற்ற நர்ஸ்) லைசென்ஸும் சில வருஷ வார்டு அனுபவமும் வேண்டும். வார்டு பார்க்காமல் வராதீர்கள். மூச்சு வாங்குவதைக் குரலிலேயே கேட்கும் காது வார்டில்தான் வரும். நோயாளி எந்த மாநிலத்தில் இருக்கிறாரோ அந்த மாநில லைசென்ஸ் உங்களுக்கு இருக்க வேண்டும். கூட்டு லைசென்ஸ் ஒன்று வாங்கினால் 40-க்கும் மேற்பட்ட மாநிலங்களுக்குச் செல்லும். கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் அதில் இல்லை, தனியாக வாங்க வேண்டும், பல கம்பெனிகள் அந்தச் செலவை ஏற்கும். கேஸ் மேனேஜர்களுக்கான சிசிஎம் சான்றிதழ் இருந்தால் சம்பளப் பேச்சில் உதவும். 180 கேள்வி, 3 மணி நேரம். ஆனால் கேஸ் மேனேஜ்மென்ட்டில் வேலை பார்த்த அனுபவம் இல்லாமல் அந்தப் பரீட்சை எழுத முடியாது. அதனால் முதலில் வேலை, அப்புறம் சான்றிதழ்.

நல்லது என்ன? ராத்திரி தூங்கலாம். தீபாவளிக்கு லீவு கேட்டு யாரிடமும் கெஞ்ச வேண்டாம். முதுகு தப்பும். மோசமானது? திரையின் ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி. ஐந்து நிமிஷம் நகர்ந்தால் மஞ்சளாகும், மேனேஜர் பார்ப்பார். ஒரு நாளில் எத்தனை அழைப்பு, எத்தனை மதிப்பீடு முடிந்தது, எத்தனை பேர் "சேவைக்குச் சம்மதம்" சொன்னார்கள் என்று எண்ணிக்கொண்டே இருப்பார்கள். யாரும் எண்ணாதது, லாசிக்ஸ் டப்பாவைக் கண்டுபிடித்த அந்த நேரம். கைத்தொழிலும் போய்விடும், எனக்கு ஐவி போட்டு நாளாயிற்று. குரல் மட்டும்தான் மிச்சம். நோயாளி இறந்தால் உங்களுக்குத் தெரிவதும் திரையில்தான், பட்டியலிலிருந்து பெயர் போயிருக்கும், "கவரேஜ் முடிந்தது" என்று ஒரு வரி இருக்கும். வார்டில் குறைந்தபட்சம் குடும்பத்தோடு நின்றோம். இது எல்லோருக்கும் தாங்காது. எனக்குத் தாங்குகிறது, ஏனென்று தெரியவில்லை. தொலைபேசியில் மனிதர்களை விசாரிப்பது பிடிக்கும் என்றால் வாருங்கள், தட்டச்சு மட்டும் வேகமாக இருக்கட்டும்.

மொத்தத்தில் என் கணக்கு 5-க்கு 3. நர்ஸ் நல்லவளாக அமைந்தால் 4 ஆகும். கேள்விப் பட்டியலை மட்டும் படித்துவிட்டு வைக்கிறவள் என்றால் 2. நல்லவள் என்று எப்படித் தெரியும்? நீங்கள் சொன்னதைக் கேட்டு அடுத்த கேள்வியை மாற்றுகிறாளா என்று பாருங்கள். மாற்றினால், அவளுடைய நேரடி எக்ஸ்டென்ஷன் நம்பரை வாங்கி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள். பொது நம்பருக்குப் போனால் ஒவ்வொரு தடவையும் வேறொருத்தி, ஆரம்பத்திலிருந்து கதை சொல்ல வேண்டும். பிடிக்கவில்லையா, வேறு கேர் மேனேஜர் வேண்டும் என்று கேட்கலாம், சேவையே வேண்டாம் என்றும் சொல்லலாம். கவரேஜுக்கு எந்தப் பாதிப்பும் வராது.

அழைப்பு வரும் நேரத்தில் டிஸ்சார்ஜ் தாளையும் எல்லா மாத்திரை டப்பாக்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து வந்த மாத்திரை, சூரணம், லேகியம் எல்லாம் சேர்த்து. அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம், கேலி செய்ய மாட்டோம், வேறு மாத்திரையோடு மோதுகிறதா என்று பார்க்கத்தான் கேட்கிறோம். நீங்கள் எடுக்காமலே விட்டால் சில தடவை முயன்றுவிட்டு ஒரு கடிதம் போட்டு, "தொடர்பு கொள்ள முடியவில்லை" என்று கோப்பை மூடிவிடுவோம். அதோடு முடிந்தது என்று நினைக்க வேண்டாம். ஆறு மாதம் கழித்து வேண்டும் என்று தோன்றினாலும் அட்டையின் பின்பக்க நம்பரில் கேட்டால் திறந்து தருவார்கள். திங்கட்கிழமை காலை மட்டும் கூப்பிடாதீர்கள், லைன் கிடைக்காது.